இரண்டு இருமல் எண்ணெய்

நீலக் கண்ணாடிக் கோப்பை இடது உள்ளங்கையில் இருக்கிறது, வலது கை அதன் வாயைப் பொத்தியிருக்கிறது, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடிக்கவேண்டும், இறுக்கினாலும் பிழை, விட்டாலும் பிழை, உள்ளே இருக்கிற எண்ணெய்க்கு உடம்புச் சூடு வரும்வரை அவசரப்படக்கூடாது, சூடு வந்தால்தான் அது தன்னிடம் உள்ளதைச் சொல்லும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், ஜெர்மன்காரருக்கு, ஜப்பான்காரருக்கு, கோப்பை ஏன் நீலம் என்று கேட்கிற எல்லாருக்கும், நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்கத்தான் நீலம், எண்ணெய் பச்சையாக இருந்துவிட்டால் கண் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடும், கண்ணுக்குத் திரை போட்டுவிட்டு மூக்கைக் கேட்கவேண்டும் என்பேன், சொல்லிக்கொண்டே என் மூக்கை ஒருமுறை தொட்டுக் காட்டுவேன், அவர்கள் சிரிப்பார்கள், அந்த மூக்கு செத்து இரண்டு வருடமாகிறது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை, சமையல்காரிக்குப் பசியில்லை என்று சாப்பிட வந்தவனிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா. இது எண்ணெயின் அருங்காட்சியகம், சிசிலித் தீவின் நடுவில், மலைச்சரிவில், ஒலிவ மரங்களுக்குள்ளே ஒரு பழைய கல்வீடு, ஆனால் இங்கே பழைய எண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது, கழுதை சுற்றித் தேய்ந்த அரைகல் இருக்கிறது, மரத் திருகு இருக்கிறது, அரைத்த கூழை அடுக்கி நெரித்த புல்லுப் பாய்கள், ஆள் உயரச் சாடிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் மண் விளக்குகள், எல்லாம் இருக்கின்றன, எண்ணெய்தான் இல்லை, ஏனென்றால் எண்ணெய் யாருக்காகவும் காத்திருக்காது, நன்றாக மூடி, இருட்டில், குளிரில் வைத்தால் பதினெட்டு மாதம், மிஞ்சினால் இரண்டு வருடம், அதற்குப் பிறகு சிக்கு வாடை அடித்துப்போகும், கல்லை வைத்திருக்கலாம், எண்ணெயை வைத்திருக்க முடியாது என்று இந்த இடத்தின் பொறுப்பாளர் சிஞ்ஞோரா ரொசாலியா, நான் தரை துடைக்க வந்த முதல் கிழமையே சொன்னார், அன்றைக்கு அது எனக்கு ஒரு பகிடியாகத்தான் இருந்தது.

ஆம், நான் தரை துடைக்கத்தான் வந்தேன், இவர் மரம் உலுப்ப வந்தார், இவர் என்றால் என் மனுசன், குணநாயகம், முதல் நாளே கிளையிலிருந்து ஒரு காயைப் பிடுங்கி, ஊரில் தின்கிற வெரளிக்காய் என்று நினைத்து, உப்புத் தூள் இருந்தால் நல்லாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வாயில் போட்டுக் கடித்தார், கடித்த வேகத்தில் மூன்று முறை துப்பினார், எடியே, வேப்பங்கொட்டையை மரத்தில கட்டித் தொங்கவிட்டிருக்கிறாங்கள், உதிலையோ இவங்கள் எண்ணெய் எடுக்கிறது என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் வாளியோடு நின்று சிரிக்கிறேன், அந்தச் சிரிப்பு இப்போதும் கேட்கிறது, அந்த வாளித் தண்ணீரில் கலந்திருந்த எலுமிச்சம் மணம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. பிறகு ஒருநாள், சுவை அறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், மேசையில் ஆறு கோப்பைகள், சிஞ்ஞோரா யாருடனோ போனில், நான் என் பாட்டுக்கு, மூன்றாவது கோப்பை நனைந்த சாக்கு மணக்கிறது என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் முணுமுணுத்தேன், சிஞ்ஞோரா போனை வைத்துவிட்டார், அந்தக் கோப்பையில் இருந்தது குவித்துவைத்துப் புழுங்கிப்போன காயின் எண்ணெயாம், பயிற்சிக்கென்று வைத்திருக்கிற குறை எண்ணெயாம், அதைப் பிடிக்க அவருடைய மாணவர்களுக்கு மாதக்கணக்காகுமாம், துடைப்பத்தைக் கீழே வை என்றார், உட்கார் என்றார், அப்படித்தான் நான் கோப்பை பிடித்தேன், வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், எல்லாற்றை அலுவலுக்கையும் மூக்கை நுழைக்கிற உனக்கு, கடைசியில அதையே உத்தியோகமாத் தந்திட்டாங்கள் என்றார், சிரித்தாலும் அடுத்த ஞாயிறு தமிழ்க் கடைக்குப் போய், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும், என்ர மனுசி மணந்து பாத்துச் சொன்னாத்தான் இந்த ஊரில எண்ணெய்க்கு மரியாதை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு எல்லாமே மூக்கால்தான் வந்தது, கொழும்பில் பாஸ்போட் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் முகத்தைப் பார்க்குமுன் அவருடைய சட்டைக் கழுத்தின் சந்தன சோப்பைத்தான் கண்டேன், அந்த ஆளைத்தான் பிறகு கட்டினேன், இப்போது சந்தன சோப் என்ற சொல் இருக்கிறது, வரிசை இருக்கிறது, வெயில் இருக்கிறது, சட்டையின் கோடுகள்கூட இருக்கின்றன, மணத்தை மட்டும் யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள், மணம் இல்லாத ஞாபகம் ஆருடையதோ ஞாபகம்போல இருக்கிறது, அதை நம்பி அழவும் முடியவில்லை.

அந்த ஐப்பசி, அதுதான் கடைசி அறுவடை, கடைசி என்று அப்போது தெரியாது, உலுப்பு முடிகிற நாளில் வேலைசெய்தவர்களுக்கு ஆளுக்கொரு மரத்தின் காயை விட்டுக்கொடுப்பது சிஞ்ஞோராவின் வீட்டு வழக்கம், இவர் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் நிற்கிற, நடு பிளந்து இரண்டாகப் பிரிந்த மரத்தைக் கேட்டார், ஏன் அதென்று கேட்டேன், ரெண்டாப் பிளந்தும் ஒரு வேரில நிக்குது, எங்களைப் போலத்தான் என்றார், நாங்கள் எப்ப பிளந்தனாங்கள் என்று கேட்டேன், நேற்றுக் குழம்புக்கு உப்புக் காணாதெண்டு சொன்னாப்பிறகு நீ என்னோட கதைக்கேல்லை என்றார். அன்று பின்னேரமே ஆலைக்குக் கொண்டுபோனோம், குழாயிலிருந்து பச்சை நூலாக எண்ணெய் இறங்குகிறது, சுடச்சுட இல்லை, ஆனால் உயிரோடு, இவர் போத்தல் மூடியில் கொஞ்சம் பிடித்து ஒரே வாயில் விழுங்கினார், உடனே இருமினார், இன்னொரு முறை இருமினார், நானும் விழுங்கினேன், நானும் இரண்டு முறை இருமினேன், புதிய எண்ணெய் தொண்டையில் மிளகுபோல எரிக்கும், நல்ல எண்ணெயை இருமலை எண்ணித்தான் ஆலைக்காரர் மதிப்பார்கள், ரெண்டு இருமல், நல்ல சாமான் என்றார் இவர், ஏதோ பிறந்ததிலிருந்து ஒலிவ எண்ணெயில் முழுகினவர்போல. நான்கு போத்தல் வந்தது, மூன்றைப் பலெர்மோவில் இருக்கிற சொந்தக்காரருக்குக் கொடுத்தோம், அவை ஒரு மாதத்துக்குள் குழம்பாகிப் போயின, ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டோம், மினுங்குகிற வெள்ளைக் கண்ணாடிப் போத்தல், அதில் ஒரு துண்டு ஒட்டி, தக்காளி இலை, பச்சை வாழைத்தோல், அப்போதுதான் வெட்டின புல், இரண்டு இருமல் என்று எழுதினேன், இத்தாலியனில்தான் எழுதினேன், அந்தச் சொற்களை நான் அந்த மொழியில்தான் படித்திருந்தேன், அந்த மணங்கள் அன்றைக்கு என்னிடம் இருந்தன, இவருடைய வேர்வையும் மர இலையும் கலந்த சட்டை மணத்தோடு சேர்ந்து இருந்தன, எழுதத் தேவையில்லை, மறக்கவா போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

ஐந்தாம் நாள் இவருக்குக் காய்ச்சல், ஏழாம் நாள் எனக்கு, கொரோனா என்று சொல்ல வீதி முழுக்க ஜன்னல்கள் சாத்திக்கொண்டன, இவரை வெள்ளை உடுப்புக்காரர் இரண்டு பேர் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள், படிக்கட்டில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, போத்தலை உடைச்சிடாதை, நான் வந்தாப்பிறகு ரெண்டு பேருமாத் திறப்பம் என்றார், அதுதான் நேரில் சொன்ன கடைசிச் சொல், ஒரு மனிதன் கடைசியாகச் சொல்கிற சொல் எண்ணெய்ப் போத்தலைப் பற்றியா இருக்கவேண்டும். அதே கிழமை அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கருகிப் புகை கண்ணை எரித்தபோதுதான், எனக்கு மணம் வரவில்லை என்று தெரிந்தது, கோப்பித் தூளை மணந்தேன், கற்பூரத்தை மணந்தேன், இவருடைய தலையணையில் முகத்தைப் புதைத்தேன், துணிதான் இருந்தது. இவரை ஏற்றிக்கொண்டு போன ஒன்பதாம் நாள் பொலோஞ்ஞாவில் படிக்கிற மகள் ஆரபி போனில், அம்மா, அப்பா, என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள், மிச்சத்தை நான் சொல்லவேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் செத்தவரைக் குளிப்பாட்டமுன் சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெயும், தலைமுழுகத் தேய்க்கிற அரப்பும் வைப்பார்கள், எண்ணெய் தொட்டு, அரப்புத் தொட்டு, அவ்வளவுதான், அதில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, ஆனால் அதைச் செய்யாமல் அனுப்பினால் ஒருவரை வாசலில் நிறுத்திவைத்து, போ என்றும் சொல்லாமல், இரு என்றும் சொல்லாமல் விட்டதுபோல, அதைத்தான் மகளிடம் கேட்டேன், ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் பிள்ளை, தலையில, ஒரு சொட்டு, வேற ஒண்டும் வேண்டாம், கேட்டுப்பார் என்றேன், அவள் மற்றப் போனில் ஆஸ்பத்திரிக்காரரிடம் இத்தாலியனில் கெஞ்சுகிறது எனக்குக் கேட்கிறது, அவளுக்குத் தமிழைவிட அந்த மொழியில்தான் நன்றாக அழவரும், அம்மா, பெட்டியை மூடியாச்சாம், ஆரும் திறக்க ஏலாதாம், சட்டமாம் என்றாள். அந்தப் போத்தல் மேசையில் நிற்கிறது, நான் கட்டிலில் கிடக்கிறேன், எனக்கும் வெளியே போக அனுமதியில்லை, சிஞ்ஞோரா ஜன்னலுக்குக் கீழே வீதியில் வந்து நின்று, போத்தலைக் கயிற்றில் இறக்கு, நான் கொண்டுபோய்ப் பெட்டியின் மேலாவது தடவிவிடுகிறேன் என்றார், பாவம் நல்ல மனுசி, வேண்டாம் என்றேன், பெட்டிக்குத் தலை இருக்கிறதா.

அப்படித்தான் அந்தப் போத்தல் மிஞ்சியது, மூடி திறக்காமல், இவருக்கு வைக்காத எண்ணெயாக, இவர் பிடுங்கின காயாக, இவர் இருமின இருமலாக, அதற்குள் அந்த ஐப்பசி முழுவதும் இருக்கிறது, நான் ஒருமுறை மணந்தால் போதும், சட்டை வரும், வேர்வை வரும், ஆள் வருவார், ஆனால் மணக்க மூக்கு இல்லை, டொக்டர் சொன்னார், சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு ஒரு வருடம், இரண்டு வருடத்துக்குமேல் போனால் நம்பிக்கை வைக்காதே என்று, எண்ணெய்க்கும் அதே இரண்டு வருடம்தான், ஆக ஒன்று என் மூக்கு முதலில் திரும்பவேண்டும், இல்லையென்றால் எண்ணெய் முதலில் போய்விடும், எனக்கு வாழ்க்கையில் மிஞ்சியிருந்த அலுவல் இந்த ஓட்டம் ஒன்றுதான். காலையில் நான்கு சிறு குப்பிகள், ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ், ஒவ்வொன்றையும் இருபது நொடி மணக்கவேண்டும், மணந்துகொண்டே அந்த மணத்தை நினைக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்தார்கள், மாலையிலும் அப்படியே, கராம்பு என்று நினைத்து நினைத்துக் கராம்பு என்ற சொல்லே தேய்ந்துபோயிற்று, வேலையில் யாருக்கும் தெரியாது, சிஞ்ஞோராவுக்கு மட்டும் தெரியும், அவர் என்னைச் சுவைக் குழுவிலிருந்து எடுத்து, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிற வேலைக்கு மாற்றினார், காரணம் எழுதவில்லை. போத்தலை வீட்டில் சாமித் தட்டில், இவருடைய படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன், வேறு எங்கே வைப்பது, அவருடைய எண்ணெய் அவருக்கு முன்னால்தானே இருக்கவேண்டும், பக்கத்தில் விளக்கு, காலையும் மாலையும் ஏற்றுவேன், கிழக்குப் பார்த்த ஜன்னல், வெயில் வந்து போத்தலில் விழும்போது பச்சையாக மினுங்கும், அதைக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு வருவேன், வந்து, எண்ணெய்க்கு மூன்று எதிரிகள், வெளிச்சம், சூடு, காற்று, அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய் வைக்கிறவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பேன், ஒருநாள் இல்லை இருநாள் இல்லை, பதினொரு மாதம் அப்படிச் சொன்னேன், சொன்ன வாய்க்கும் கும்பிட்ட கைக்கும் நடுவில் ஒரு பேச்சுவார்த்தையும் இருக்கவில்லை. பதினோராம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பிரெஞ்சுக்காரக் கிழவி ஒருத்தி, நீங்கள் உங்கள் வீட்டு எண்ணெயை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள், நான் வாயைத் திறந்தேன், இருட்டில் என்று சொல்ல வந்தவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு பஸ்சுக்கு ஓடினேன், வீட்டுக்கு வந்து போத்தலைத் தொட்டேன், சூடாக இருந்தது, காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி இருந்தது, என் கையாலேயே செய்திருக்கிறேன், ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள், விளக்குக் கொளுத்திக் கொளுத்திக் கொன்றிருக்கிறேன்.

இவருடைய கறுப்புக் கோட்டில் சுற்றி, அடுத்த நாள் இங்கே கொண்டுவந்து, சாடிகள் இருக்கிற நிலவறையில், ஆக அடியில் இருக்கிற சாடிக்குள் இறக்கினேன், ஒருவேளை, ஒருவேளை என்று இன்னொரு வருடம், மூடி திறக்கவில்லையே, காற்றுப் படவில்லையே, கண்ணாடி தடிப்புத்தானே என்று எனக்கு நானே வழக்காடினேன், மூக்கோ அசையவில்லை. நேற்று இரண்டு வருடம் முடிந்தது, திவசத்துக்குச் சோறு படைத்துவிட்டு வேலைக்கு வந்தேன், சிஞ்ஞோராவிடம் போத்தலைக் கொடுத்து, எனக்காக மணந்து சொல்லுங்கள், எனக்கு இனி மூக்கு வராது, உங்கள் மூக்கால் ஒருமுறை அவரை எனக்குச் சொல்லுங்கள் என்றேன், ரெண்டு பேருமாத் திறப்பம் என்று இவர் சொன்னது நினைவில் இருந்தது, இருந்தும் மூடியைத் திருகினேன், சிஞ்ஞோரா கோப்பையில் ஊற்றிப் பொத்திச் சூடாக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார், உயிரோடு இருக்கிறது, தக்காளி இலை, பச்சை வாழைத்தோல், அப்போதுதான் வெட்டின புல் என்றார், நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவரும் அழுதார், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை, மகளுக்குப் போன் எடுத்து, அப்பான்ர எண்ணெய் கெடேல்லையாம் பிள்ளை, அப்பிடியே இருக்காம் என்றேன், அவள் ஓமம்மா, ஓமம்மா என்றாள். வீட்டில் செருப்பைக் கழற்றும்போதுதான் பட்டது, தக்காளி இலை, வாழைத்தோல், புல், அந்த வரிசை, அந்தச் சொற்கள், நான் போத்தலில் ஒட்டின துண்டில் எழுதியிருந்தவை, குடித்தால்தான் தெரிகிற இருமலைத் தவிர ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை, இரண்டு வருடத்து எண்ணெய் எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் புல் மணத்தை விட்டுவிட்டு வாதுமைக்குப் போயிருக்கும், அது எனக்குத் தெரியாதா, ஒரு எண்ணெயை மூன்று முறை மணக்காமல் வாய் திறக்காத மனுசி நேற்று ஒரே ஒருமுறைதான் மணந்தார், அதற்குமேல் மணக்க அவரால் முடியவில்லை. அவரில் எனக்குக் கோபம் இல்லை, அன்பால் சொன்ன பொய்யை வைத்துக்கொள்ளத் தெரியாத என்னில்தான் கோபம், இன்னும் ஒரு கிழமையாவது அதை நம்பிக்கொண்டு இருந்திருக்கலாமே, மூக்கை நுழைக்காமல்.

இப்போது காலை, பத்து மணிக்கு ஆட்கள் வருவார்கள், சுவை அறையில் நான் மட்டும், மேசையில் இரண்டு நீலக் கோப்பைகள், ஒன்றில் போன கிழமை எடுத்த புது எண்ணெய், மற்றதில் இவருடையது. மூக்குத்தான் போனது, தொண்டை இருக்கிறது, எரிவு மூக்கால் வருவதில்லை என்பது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும், தெரிந்தும் இந்தப் போத்தலிடம் அதைக் கேட்கப் பயந்துகொண்டு இருந்தேன். புதியதை முதலில் விழுங்குகிறேன், தொண்டை பற்றி எரிகிறது, ஒரு இருமல், இன்னொன்று, கண்ணில் தண்ணீர், சரி, தொண்டை வேலைசெய்கிறது, சாட்சி பிழை சொல்லாது, ஒரு துண்டு ஆப்பிள் தின்று வாயைக் கழுவிவிட்டு, மற்றக் கோப்பையை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து வலது கையால் பொத்துகிறேன், கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல, அவசரப்படவில்லை, ஜன்னலுக்கு வெளியே பிளந்த மரம் நிற்கிறது, அதில் இந்த முறை வேறு யாரோ உலுப்பினார்கள், காய் கொட்டின சாக்கு இன்னும் அடியில் கிடக்கிறது, வாருங்கோ, ரெண்டு பேருமாத் திறப்பம் எண்டு சொன்னீங்கள், திறந்தாச்சு என்று அறைக்குச் சொல்கிறேன், பாதியை வாயில் விட்டு, காற்றை உறிஞ்சி, நாக்கில் பரத்தி, விழுங்குகிறேன். காத்திருக்கிறேன். வழுவழுப்பாக இறங்குகிறது, கசப்பில்லை, எரிவில்லை, மணிக்கூட்டைப் பார்க்கிறேன், எரிவு பிந்தி வருவதும் உண்டு என்று நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், அரை நிமிடம், ஒரு நிமிடம், வேண்டுமென்று இருமிப்பார்க்கிறேன், அது என் இருமல், எண்ணெயினது இல்லை. வாசலில் பஸ் வந்து நிற்கிறது, கதவு திறந்து ஆட்கள் இறங்கிப் பேசுகிற சத்தம் கேட்கிறது, சிஞ்ஞோரா அவர்களை அரைகல்லுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறார், எனக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கோப்பையில் மிச்சப் பாதி இருக்கிறது, பொத்தின கையை எடுக்காமல் வைத்திருக்கிறேன், கண்ணாடி கையின் சூட்டுக்கு வந்து, பிறகு அதற்குள் இருக்கிறதும் வந்து, இப்போது எது கை, எது கோப்பை என்று தெரியாத அளவுக்குச் சூடாக இருக்கிறது, எண்ணெய்க்கு உடம்புச் சூடு வந்துவிட்டது, வைக்கத்தான் தலை இல்லை.